ஏலாக்குறிச்சியின் ஆசிரியர்



வீரமாமுனிவர் என்றதும் தேம்பாவணி, அடுத்து சதுரகராதி, அதற்கடுத்து பரமார்த்த குரு கதை. பாடப்புத்தகங்கள் பழக்கிவிட்ட வரிசை இது. செந்துறைக்குத் தெற்கே, கொள்ளிடக் கரைப் பக்கம் இருக்கும் ஏலாக்குறிச்சியைத் தளமாக்கி அவர் பார்த்த அன்றாட வேலைக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆட்களைப் பழக்கி ஊழியத்துக்கு அனுப்பும் ஆசிரியர் வேலை அது.

வீரமாமுனிவரின் இயற்பெயர் பெஸ்கி. இத்தாலியில் 1680-இல் பிறந்த அவர், இயேசு சபைத் துறவியாக 1710-இல் இந்தியா வந்து மதுரை மிஷனில் சேர்ந்தார். மிஷனின் பரப்போ பெரிது; குருமாரோ சொற்பம். சாமியார் எப்போதாவதுதான் ஓர் ஊருக்கு வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாகக்கிடக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது எல்லாம் வேதியர் பொறுப்பு. உபதேசியார் என்று ஊர் அழைத்ததும் அவரைத்தான்.

சபை நிற்பதும் சாய்வதும் அந்த மனிதர் கையில் இருந்தது. அதை உணர்ந்த பெஸ்கி 1727-இல் எழுதிய நூல்தான் வேதியர் ஒழுக்கம். வேதியர் எதைப் போதிக்க வேண்டும் என்பதோடு, அவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் அது வற்புறுத்துகிறது. தேம்பாவணியின் விருத்தங்களைக் கட்டிய கை, வேதியருக்காக உரைநடைக்கு இறங்கி வந்தது.

மற்ற நூல்களிலும் இதே ஆசிரியர் தெரிகிறார். நிகண்டு என்றால் செய்யுளாக மனப்பாடம் செய்தாக வேண்டும். 1732-இல் முடித்த சதுரகராதியிலோ சொல்லை அகர வரிசையில் தேடிப் பிடிக்கலாம். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள். ஐம்பொறி, மூவேந்தர் போன்றவற்றுக்குத் தொகை அகராதி. எதுகை தேடுபவருக்குத் தொடை அகராதி. புதிதாக வந்த ஐரோப்பியக் குருக்களுக்கோ வேறு தேவை. பாவசங்கீர்த்தனம் கேட்கச் சங்கத் தமிழ் போதாது, சந்தைத் தமிழ் வேண்டும். அதற்காகக் கொடுந்தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார்.

அந்த இலக்கணம் அச்சேறிய இடம்தான் வேடிக்கை. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனை எதிர்த்து வேத விளக்கம் எழுதியவர் அவர். அந்த மிஷனின் சீகன்பால்கு 1716-இலேயே உள்ளூர் ஊழியருக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியிருந்தார். அதே தரங்கம்பாடி அச்சகம் 1738-இல் பெஸ்கியின் இலக்கணத்தை அச்சிட்டது. வேதத்தில் சண்டை, இலக்கணத்தில் சமாதானம்!

நூல்கள் கிடைத்துவிட்டன, அவற்றைப் படித்த வேதியர்களைத்தான் நாம் இன்னும் தேடவில்லை. எந்தெந்த ஊரார், எந்தச் சாதியார், கூலி என்ன, குருவோடு முரண்பட்டபோது என்ன செய்தார்கள்? ஏலாக்குறிச்சி, கோணான்குப்பம் வட்டாரப் பங்குப் பதிவேடுகளையும் வீட்டுப் பரண்களில் கிடக்கும் ஏடுகளையும் ஆய்வாளர்கள் பார்த்தாக வேண்டும். மிஷன் கடிதங்களைப் படிக்க ஐரோப்பிய மொழி தெரிந்தவரும், ஏடு படிக்கத் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

மதுரை மிஷனின் பயிற்சி முறையையும் தரங்கம்பாடிப் பள்ளியையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இந்தக் கருத்தரங்கின் காலை அமர்வுக்கான வேலை. வேதியர் ஒழுக்கத்தின் உரைநடை பிற்பகலுக்கு. முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.