சாகிற செல்லைக் கண்டுபிடிப்பது எப்படி?



எலக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்கும் செல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று முன்வரிசையில் சிரிக்கிறார்கள். செல்போன் இல்லை ஐயா, உடம்பில் இருக்கிற செல். மைக்ரோஸ்கோப் படத்தில் செல்களை எண்ணிச் சொல்லும் புரோகிராம் எழுதுவதுதான் என் பிழைப்பு.

அடிபட்டு, வீங்கி, வெடித்துச் சாகிற செல் உண்டு. தானாகவே சுருங்கி, துண்டு துண்டாகி, பக்கத்துச் செல்களுக்கு இரையாகிற செல்லும் உண்டு. இந்த இரண்டாவதற்கு 1972-ல் கெர், வைலி, கரி என்ற மூவர் 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் இலை உதிர்வது என்று பொருள். கருவில் நம் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்ததே நடுவிலிருந்த செல்கள் இப்படி உதிர்ந்ததால்தான். புற்றுநோய் மருந்துகள் பலவும் இந்தச் சாவைத்தான் தூண்டிவிடுகின்றன.

உயிருள்ள செல், பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பைச் சவ்வின் உட்பக்கமே வைத்திருக்கும். சாகத் தொடங்கினால் அது வெளிப்பக்கம் வந்துவிடும். அனெக்சின் வி என்ற புரதம், கால்சியம் கூட இருந்தால், அதைப் போய்க் கப்பென்று பிடித்துக்கொள்ளும். அந்தப் புரதத்தில் பச்சையாக ஒளிரும் சாயத்தை ஒட்டிவிட்டால் செல் மாட்டிக்கொண்டது! புரோபிடியம் அயோடைடு என்ற சிவப்புச் சாயமோ, சவ்வு ஓட்டையான பிறகுதான் உள்ளே நுழையும். பச்சை மட்டும் என்றால் இப்போதுதான் கிளம்புகிறது. இரண்டும் என்றால் கதை முடிந்தது. எப்படி முடிந்தது என்று சாயம் சொல்லாது.

ஒரு ஆய்வுக்கூடத்துக்கு இதற்கான புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மருந்து போட்ட தட்டிலும் போடாத தட்டிலும் சாவு ஏறக்குறைய ஒன்றே என்றது அது. மருந்தைக் கைவிடலாம் என்றுகூடப் பேச்சு வந்துவிட்டது. அங்கே டெக்னீஷியனாக இருந்த அம்மா மட்டும், "தம்பி, நான் கண்ணால பாக்குறேன், பொலபொலன்னு உதிருது. உங்க கம்ப்யூட்டருக்குத்தான் கண்ணு சரியில்ல" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

ராத்திரி உட்கார்ந்து பார்த்தால், ஒரு அளவுக்குக் கீழே இருப்பதெல்லாம் தூசி, தள்ளு என்று நானே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்! சுருங்கிய செல், உடைந்த துண்டு எல்லாம் அதில் போயிருக்கிறது. அதைத் திருத்தியும் கணக்கு முழுசாக வரவில்லை. சாகிற செல் தட்டில் பிடியை விட்டு மிதக்கும், கழுவும்போது தண்ணீரோடு போய்விடும் என்று அந்த அம்மாதான் சொன்னார். அடுத்த முறை மிதந்ததையும் சேர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்து எண்ணினோம். மருந்து வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் வேணாம் தம்பி, ஒரு காபி வாங்கிக் குடுங்க" என்றார். வாங்கிக் கொடுத்தேன்.