தீராத பசியும் ஒரு நோயாக இருக்கலாம்

(ஆரணியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



ஒரு பிள்ளை குண்டாக இருந்தால் நாம் என்ன சொல்றோம்? "அம்மாக்காரி கண்டதையும் கொடுத்து வளர்த்துட்டா" என்கிறோம். பல பிள்ளைகளுக்குத் தீனியும் ஓடியாடாததும் காரணம்தான். ஆனால் சில பிள்ளைகளுக்கு அது பிறவி நோய்.

ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை மாறினால், எவ்வளவு கவனமா நெய்தாலும் புட்டா தப்பாகத்தான் விழும். குற்றம் கையில் இல்லை, அட்டையில். நம் உடம்புக்கு உள்ள அட்டைதான் மரபணு. உடம்புக் கொழுப்பில் லெப்டின் என்ற ஒன்று சுரந்து, மூளைக்குப் போய் "போதும்" என்று சொல்லும். இதை 1994-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். மரபணு கெட்டிருந்தால் அந்தச் சேதி மூளைக்கு எட்டாது. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது.

இங்கிலாந்தில் 9 வயதுச் சிறுமி ஒருத்தி 94 கிலோ இருந்தாள். உறவுக்குள் மணம் செய்த குடும்பம். அவளுக்கு லெப்டின் ஊசி தினமும் போட்டதில் ஓர் ஆண்டில் 16 கிலோ குறைந்தது. 1999-இல் இந்தச் செய்தி வெளிவந்தது. மூளையின் பசி மையத்தில் வேலை செய்யும் செட்மெலனோடைடு ஊசிக்கு 2020-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. பிராடர்-வில்லி என்ற நோயில் வரும் தீராப் பசிக்கு 2025-இல் அங்கே ஒரு மாத்திரை வந்தது. மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து மின்சாரம் கொடுப்பது இன்னும் சோதனையில்தான் இருக்கு.

இவை எல்லோருக்கும் இளைக்கிற மருந்து அல்ல. எந்த மரபணுவில் கோளாறு என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று சொல்ல முடியும். அதனால் முதல் வேலை பரிசோதனை.

நாம் கவனிக்க வேண்டியவை:

- கைக்குழந்தையிலிருந்தே எடை ஏறிக்கொண்டே போவது, ஓயாத பசி
- பிறந்தபோது துவண்டு, பால் குடிக்கத் தெம்பில்லாமல் இருந்து, பிறகு அடங்காத பசி வருவது
- எடையோடு ஆறாவது விரல், இரவில் பார்வை மங்கல்

இப்படி இருந்தால் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்க. பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் மரபணுப் பிரிவு இருக்கு.

இன்னொன்று. அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டும்போது, ஒரே கோளாறு இருவரிடமும் மறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் இந்த வகை நோய்கள் பல, ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு பிள்ளைக்கு வரலாம். சம்பந்தம் பேசும்போது இதையும் பேசுவோம்.

பசிக்குதுன்னு அழும் பிள்ளையை அடிக்க வேண்டாம். குழுவில் ஒரு தாய் இப்படித் தவித்தால் பழி சொல்லாமல், ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போவோம்.