நின்றபடியும் ஒருமுறை பிரஷர் பாருங்க

திருத்தணி மலைக்குப் படியேறிப் போனவங்களுக்கு இது தெரியும். மொத்தம் 365 படி. நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிட்டு எழுந்தால் சிலருக்குக் கண் இருட்டிக்கிட்டு வரும். விரதம், வெயில், தண்ணீர் குடிக்கலைன்னு சொல்லிட்டு மறுபடி ஏறிடுவோம். பெரும்பாலும் காரணமும் அதுதான். ஆனால் வீட்டில் கட்டிலை விட்டு எழும்போதும் தினமும் இப்படித்தான் என்றால், கொஞ்சம் கவனிக்கணும்.

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அட்ரினல் என்ற சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அங்கே சுரக்கும் ஆல்டோஸ்டீரோன், உப்பை உடம்பில் நிறுத்தி, மிஞ்சிய பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். உப்பு நின்றால்தான் தண்ணீர் நிற்கும், தண்ணீர் நின்றால்தான் இரத்த அழுத்தம் நிற்கும். இந்த ஹார்மோன் குறைந்தால் எழுந்ததும் பிரஷர் இறங்கும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

சுரப்பியே கெட்டுப்போவதை 1855இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்து எழுதினார். நம் நாட்டில் அதற்குக் காசநோய் இன்றும் ஒரு காரணம். அதனால் எப்போதோ டி.பி. வந்து குணமானவர்கள் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்க. உடம்பு இளைக்கும், சோர்வு விடாது, உப்பு மேல் ஆசை வரும், உள்ளங்கை ரேகையும் ஈறும் கருக்கும். "வெயில்ல கருத்துட்டே"ன்னு வீட்டில் சொல்வாங்க. ஈறில் எங்கேங்க வெயில் படுது? இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிட்டால் தினசரி மாத்திரையிலேயே நன்றாக வாழலாம். கண்டுபிடிக்காமல் விட்டால் ஒரு சாதாரணக் காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்தாகலாம்.

ஆல்டோஸ்டீரோன் குறைந்தால் எப்போதும் பிரஷர் குறையும் என்றும் இல்லை. இருமலுக்கு நாம் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரத்தை நாள்கணக்கில் அதிகமாகச் சாப்பிட்டால் ஆல்டோஸ்டீரோன் குறையும், ஆனால் பிரஷர் ஏறும்! அதன் சத்து வேறொரு வழியில் உப்பை நிறுத்திவிடுகிறது. லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகளும் இந்த ஹார்மோனைக் குறைக்கின்றன. அவற்றைச் சாப்பிடுவோர் பொட்டாசியம் கலந்த 'லோ சோடியம்' உப்பை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீங்க. தலைசுற்றுதுன்னு மாத்திரையை நீங்களா நிறுத்தவும் வேண்டாம்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் இன்னொரு முறை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் மருத்துவரைப் பாருங்க. கேமராவில் விரல் வைத்தால் பிரஷர் சொல்லும் செயலியை நம்பாதீங்க, கையில் பட்டை கட்டும் கருவிதான் சரி. 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம், "நின்னுக்கிட்டும் ஒருதரம் பாருங்கம்மா"ன்னு கேளுங்க. அளவைப் போனில் குறித்துவைத்து, திருத்தணி அரசு மருத்துவமனைக்குப் போகும்போது காட்டுங்க.

சந்தேகம் கேட்க 104. வாந்தி நிற்காமல் மயக்கமும் சேர்ந்தால் உடனே 108. எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில் இருக்கும் சொந்தக்காரங்களுக்கும் அதே 108தான்.