வரி எங்கே மடங்க வேண்டும்?

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு வரலாற்றை எனக்கு முன் பேசியோர் நன்கு எடுத்துரைத்துவிட்டனர். ஆகவே, மிகச் சிறிய செய்தி ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். கணிப்பொறியில் நிரல் எழுதும்போது ஒரு வரி எவ்வளவு நீளலாம், எங்கே மடங்க வேண்டும் என்பதே அது. பி.ஏ., பி.எட். படித்த தலைமையாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். காரணம் உண்டு.

நம் மாலை வகுப்பில் பயின்ற மாணவி ஒருத்தி, கல்லூரிச் செய்முறைத் தேர்வில் ஒரு நிரல் எழுதினாள். விடை சரியாகவே வந்தது. ஆனால், அவள் எழுதிய வரிகளுள் ஒன்று திரையைக் கடந்து வலப்புறம் நெடுந்தூரம் ஓடியிருந்தது. தேர்வாளர் அதைக் கண்டு, "முறையாகக் கற்றவர் எவரும் இப்படி எழுதமாட்டார்" என்று கூறி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். அம்முறை யாது என்று அவர் கூறவில்லை; அவளுக்கும் கேட்கும் துணிவு வரவில்லை. மறுநாள் என்னிடம் வந்து, "ஐயா, ஒரு வரிக்கு எத்தனை எழுத்து?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. அண்ணனோ மாமனோ அத்தொழிலில் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள், இத்தகைய செய்திகளை உணவருந்தும்போதே காதால் கேட்டு அறிந்துவிடுகின்றனர். நம் பிள்ளைகளோ குறைந்த மதிப்பெண்ணின் வாயிலாக அறிகின்றனர். அன்று முதல் தேடிப் படிக்கலானேன்.

எண்பது எழுத்து என்பதே பழைய கணக்கு. 1928ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் எண்பது பத்திகள் கொண்ட துளை அட்டையை வெளியிட்டது. பத்திக்கு ஓர் எழுத்து. ஆக, அட்டைக்கு எண்பது. 1957இல் வந்த ஃபோர்ட்ரான் மொழியில் 7 முதல் 72 வரையுள்ள பத்திகளிலேயே கட்டளையை எழுத வேண்டும். இறுதி எட்டுப் பத்திகளில் வரிசை எண்ணைத் துளையிட்டு வைப்பர். அட்டைக் கட்டு கை தவறிச் சிதறினால் மீண்டும் அடுக்க வேண்டுமன்றோ? பின்னர்த் திரைகள் வந்தன. 1978இல் டி.இ.சி. நிறுவனம் வெளியிட்ட விடி-100 முனையமும் வழக்கமாக வரிக்கு எண்பது எழுத்துகளையே காட்டிற்று. அட்டை மறைந்தது, எண்பது மறையவில்லை.

காரணம் மறைந்த பின்னும் வழக்கம் நின்றுவிடுவது நமக்குப் புதிதன்று. "தொன்றுதொட்டு வருவது" என்ற ஒரே சொல்லால் நம் முன்னோர் எத்தனை வாயில்களில் தடுத்து நிறுத்தப்பட்டனர் என்பதை இவ்வவையில் நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே, இந்த எண்பதையும் ஐயத்தோடுதான் நோக்கினேன். நோக்கியபோது, இதற்கு இன்றும் உயிருள்ள காரணங்கள் சில இருக்கக் கண்டேன். இரண்டு கோப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டுமாயின், வரி குறுகியிருத்தல் நலம். மிக நீண்ட வரியைப் படித்து முடித்த கண், அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடித் தடுமாறும். மேலும், இவ்வெண் மாற்றவொண்ணாததும் அன்று. பைதான் மொழியின் எழுத்து நெறி 79 என்கிறது. விளக்கக் குறிப்புகளுக்கு 72 என்கிறது. குழுவினர் உடன்பட்டால் நிரல் வரி 99 வரை போகலாம் என்றும் இசைகிறது. லினக்ஸ் கருநிரலைச் சரிபார்க்கும் கருவி, எச்சரிக்கை விடுக்கும் எல்லையை 2020இல் 80இலிருந்து 100க்கு உயர்த்திக்கொண்டது. கூடிப் பேசினர், மாற்றினர்.

இனி மாணவர்கள் உற்றுக் கேட்க வேண்டும். மடக்குதல் இருவகைப்படும். எடிட்டர் என வழங்கும் எழுது கருவி, நீண்ட வரியைத் திரையில் மட்டும் மடக்கிக் காட்டுவது ஒருவகை. விஷுவல் ஸ்டுடியோ கோடில் ஆல்ட் விசையுடன் இசட் விசையை அழுத்தினால் இது நிகழும். கோப்பில் ஓர் எழுத்தும் மாறாது. மற்றொன்று, வரியின் இடையே என்டர் குறியை உண்மையாகவே இட்டு முறிப்பது. முன்னது வேட்டியை மடிப்பது போன்றது. பின்னது கிழிப்பது போன்றது. கிழிப்பதற்கு இடம் பார்க்க வேண்டும். பைதானில் மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொற்றொடரின் நடுவே என்டர் தட்டினால் நிரல் ஓடாது. அடைப்புக்குறிக்குள் காற்புள்ளிக்குப் பின் முறித்தால் ஒரு தீங்கும் இல்லை. நம் மாணவி செய்திருக்க வேண்டியது இவ்வளவே.

நீண்ட விளக்கக் குறிப்பைக் கையால் எண்ணி எண்ணி முறிப்பது வீண் உழைப்பு. இடையில் ஒரு சொல்லைச் சேர்த்தால் எல்லா வரியும் கலையும். விம் என்னும் எடிட்டரில் அகலத்தை 72 என ஒருமுறை குறித்துவிட்டு, ஜி, கியூ என்னும் இரு விசைகளால் பத்தி முழுவதையும் ஒழுங்காக்கலாம். ஈமாக்ஸில் ஆல்ட் விசையும் கியூவும் போதும்; அது தானாக வைத்திருக்கும் அகலம் 70. ஆயினும் ஓர் எச்சரிக்கை. பிறர் எழுதிய பத்தியை இவ்வாறு மடக்கினால், ஒரு சொல்லே மாறியிருப்பினும் பல வரிகள் மாறியதாக ஒப்பீட்டில் தோன்றும். உடன் பணியாற்றுவோர் சினம் கொள்வர்!

தமிழில் எழுதும்போது இந்தக் கணக்கே தடுமாறுகிறது. "பள்ளி" என்பதை நாம் மூன்றெழுத்து என்போம். யூனிகோடு முறையில், புள்ளியும் இகரக் கொக்கியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது ஐந்து. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு, ஆகப் பதினைந்து. பைட்டை எண்ணி 80இல் வெட்டும் கருவி, தமிழ் வரியில் 26 குறிகளை முழுமையாகக் கொண்டு, 27ஆவதன் நடுவே கத்தியை வைக்கும். வரியின் முடிவில் சிதைந்த குறி தோன்றுவது இதனாலேயே. பிழை நம் எழுத்தில் இல்லை. ஓரெழுத்துக்கு ஒரு பைட்டு என்று கொண்டு செய்த கருவியில் இருக்கிறது. நம் ஏட்டுச் சுவடிகளில் ஓலை முடியுமிடத்தில் சொல்லை முறித்து, அடுத்த வரியில் தொடர்வர். படிப்பவன் சேர்த்துப் படித்துக்கொள்வான். அங்கும் சொல்தான் முறிந்ததே அன்றி, எழுத்து முறியவில்லை.

அம்மாணவி இப்போது ஞாயிறுதோறும் நம் கணிப்பொறி அறைக்கு வந்து இளையோர்க்குக் கற்பிக்கிறாள். எல்லாப் பொறிகளிலும் 79ஆம் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தோன்றுமாறு அவளே அமைத்து வைத்துள்ளாள். சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், "அக்கா, ஏன் 79? 80 என்று ஏன் வைக்கவில்லை?" என்று கேட்டான். பக்கத்துப் பொறியில் அமர்ந்திருந்த நானும் விடைக்காகக் காத்திருந்தேன். "எண்பது எழுத்துத் திரையில் எண்பதாவது எழுத்தையும் எழுதிவிட்டால், சில எடிட்டர்கள் கடைசி இடத்தில் மடக்குக் குறி போட இடமின்றித் தவிக்கும், தம்பி" என்றாள். அவன் நம்பவில்லை. சாளரத்தைச் சுருக்கி, எழுத்தை எண்ணிப் பார்க்கத் தொடங்கினான்.