மரபும் மரபணுவும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

அரியலூர்ப் பக்கத்து மண்ணில் கடற்சிப்பி அகப்படுவது நமக்குப் புதுமையன்று. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் அலையடித்தது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் புவியியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டறிந்தார். கடல் பின்வாங்கியது, சில உயிர்கள் தழைத்தன, சில மறைந்தன. உயிர்களைச் செதுக்கும் உளி இயற்கையின் கையில் இருந்தது.

மனிதனைப் பொறுத்தவரை, அந்த உளியை அவனுடைய வழக்கங்களும் பிடித்திருக்கின்றன என்பதே என் உரையின் பொருள்.

பாலை எண்ணிப் பாருங்கள். குழந்தைப் பருவம் கடந்ததும் பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பெரும்பாலோர்க்குக் குறைந்துவிடும். கறவை வளர்த்துப் பாலை உணவாகக் கொண்ட மக்களிடையே, அவ்வாற்றலை வாழ்நாள் முழுதும் நிலைக்கச் செய்யும் மரபணு மாற்றம் சில ஆயிரம் ஆண்டுகளில் பெருகிற்று. வட ஐரோப்பாவில் அது மிகுதி, இந்தியாவின் வடமேற்கிலும் உண்டு, தெற்கே குறைவு. நாமோ பாலை உறைகுத்தி மோராக்கிப் பருகினோம். அச்சர்க்கரையில் ஒரு பகுதியை நுண்ணுயிர்களே தின்றுவிடுகின்றன. அங்கே பழக்கம் உடலை மாற்றியது. இங்கே உடலின் குறையைப் பழக்கம் ஈடுசெய்கிறது.

உணவைவிட ஆழமாகச் செதுக்குவது மணமுறை. "சொந்தம் விட்டுப் போகக்கூடாது, சொத்து வெளியே போகக்கூடாது" என்று பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் மரபணுக்களில் சராசரியாக நான்கில் ஒரு பங்கு பொது. மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் எட்டில் ஒரு பங்கு. மறைந்திருக்கும் குறையுள்ள மரபணு ஒன்று தாய்வழியும் தந்தைவழியும் ஒரே குழந்தையிடம் வந்து சேரும் வாய்ப்பு அங்கே கூடுகிறது. பிறக்கும் குழந்தைகளுள் மிகப் பலர் நலமாகவே பிறக்கின்றனர்; ஆயினும் சில வீடுகளில் அந்தச் சுமையைக் குழந்தையே தாங்குகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களுள் நான்கில் ஒருவருக்கு மேல் உறவுக்குள் மணந்தவர்.

சாதி வேலி இதனினும் அகன்றது. ஒரு சமூகம் சிறு எண்ணிக்கையினரிலிருந்து பெருகித் தனக்குள்ளேயே மணந்துகொண்டால், முன்னோர் சிலரிடம் இருந்த குறை பலருக்கும் பரவும்.

"தொன்றுதொட்டு வந்தது" என்று நாம் இதற்கு அரண் கட்டுகிறோம். ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்து அறிஞர்களும் பங்குகொண்ட 2013-ஆம் ஆண்டு ஆய்வு வேறு செய்தி சொல்கிறது. ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்நாட்டு மக்கள் பரவலாகக் கலந்தனர். அதன் பின்னரே அகமணம் இறுகிற்று. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் வயது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. வேலியின் வயது அதைப்போல் இருமடங்கே. நம் காலடிச் சிப்பியின் முன் அது நேற்று நட்ட வேலி!

அன்பர்களே, வழக்கம் இட்ட வேலியை வழக்கமே பிரிக்க முடியும். முறைப்பெண்ணுக்காக முறைமாமன் உரிமை பேசும் கதைகளை நாம் நிறைய எழுதிவிட்டோம். இனி எழுதுவோர், அவள் விருப்பத்தையும் அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தையின் நலத்தையும் எண்ணி எழுதட்டும்.