தண்ணீர் எரியுமா?

(போடிநாயக்கனூர் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நாம் சாமியைப் பற்றியோ சாஸ்திரத்தைப் பற்றியோ பேச வரவில்லை. ஹைட்ரஜன் என்னும் வாயுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஆசாமி நம்மிடம் வந்து, ஒரு குப்பியில் தண்ணீரை ஊற்றி மோட்டார் சைக்கிளில் மாட்டினால் அது ஹைட்ரஜனாகி வண்டியை ஓட்டும், பெட்ரோல் செலவே இராது என்றார். அவர் விபூதி கொடுத்திருந்தால் விரட்டியிருப்போம். மந்திரம் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். அவரோ விஞ்ஞானம் என்றார். நாமும் ஒரு கேள்வி கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தோம். வண்டி பெட்ரோலைத்தான் குடித்தது. ஊர் ஊராய்ப் பகுத்தறிவுப் பிரசாரம் செய்கிற நமக்கே இந்தக் கதி! 1996-ம் வருஷம் இராஜபாளையத்துப் பக்கம் மூலிகையால் தண்ணீரைப் பெட்ரோலாக்குவதாகச் செய்தி கிளம்பியபோதும், படித்தவர்களும் பதவியிலிருந்தவர்களுமே அதை நம்பினார்கள்.

உண்மை என்ன? 1766-ல் இங்கிலாந்தில் காவெண்டிஷ் என்பவர் இவ்வாயுவைத் தனிப்பொருளென்று கண்டார். அது எரிந்தால் தண்ணீராகிறதென்று பின்னர் காட்டினார். ஆகவே தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்த சாம்பல். சாம்பலை அடுப்பில் போட்டுச் சோறு பொங்க முடியுமா?

தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கலாம். 1800-லேயே அதைச் செய்துவிட்டார்கள். ஆனால் ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அதைக் கொண்டு வண்டி ஓட்டினால் திரும்பக் கிடைப்பது ஏறக்குறைய 20 யூனிட்டுக்குள்தான். முதலுக்கு மேல் லாபம் தரும் மாயம் இதில் இல்லை.

அப்படியானால் ஆராய்ச்சி எதற்கு? ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுழலுகின்றன. காற்று நம் சௌகரியத்தைக் கேட்டு வீசுவதில்லை. தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை வாயுவாக்கி வைத்துக்கொண்டால், உரம் செய்யவும், இரும்பு உருக்கவும், கனத்த வண்டி இழுக்கவும் கரிப்புகையின்றி உதவும். இதற்காக இந்திய சர்க்கார் 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய்த் திட்டம் வகுத்தது. 2025 ஜூலையில் சென்னைப் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். இவை மெச்சத்தக்க காரியங்களே.

ஆனால் சுத்தம் என்ற சொல்லிலும் ஏமாறக்கூடாது. மேலே மலையில் ஏலக்காய் ஸ்டோரில் விறகெரித்துக் காயை உலர்த்துகிறார்கள். கீழே போடியில் ஏலத்துக்கு வருவது புகையில்லாத பச்சைக் காய். காயைப் பார்த்து, காட்டு மரம் எரியவே இல்லை என்று சொல்லலாமா? இன்று உலகில் செய்யும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. வண்டியின் வாலில் புகையில்லை, ஆலையில் இருக்கிறது.

ஆதலால் தோழர்களே, இனி எவர் வந்து ஹைட்ரஜன் என்றாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதை எதிலிருந்து எடுத்தாய்? எடுக்க எவ்வளவு செலவழித்தாய்? பதில் சொல்பவன் விஞ்ஞானி. கோபிப்பவன் புரோகிதன், அவன் கையில் பஞ்சாங்கம் இருந்தாலென்ன, குப்பி இருந்தாலென்ன? நாம் அன்று இதைக் கேட்கவில்லை; கேட்காததற்குத்தான் பணம் கொடுத்தோம். நாம் சொல்வதையும் அப்படியே ஏற்காமல், கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.