மூடுபனியில் கார் ஓட்டுவது
(தில்லி உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ரிடையரான பிறகு நம்மில் பலர் காரைத் தாமே ஓட்டுகிறோம். அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளையை அழைத்துவர, ஜனவரி மாதம் அதிகாலை மூன்று மணிக்கு ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிறவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால்தான் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன். வெளியூர் அன்பர்களுக்கு மூடுபனி என்றால் ஊட்டி ஞாபகம் வரும். தில்லிப் பனி வேறு ரகம், புகையும் சேர்ந்தது.

பார்வைத் தூரம் 50 மீட்டருக்குக் கீழே போனால் 'மிக அடர்ந்த மூடுபனி' என்கிறது வானிலைத் துறை. அந்த 50 மீட்டரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் ஒரு செகண்டுக்கு 22 மீட்டர். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை செகண்ட். அதிலேயே 33 மீட்டர் போயிற்று. ஈர ரோட்டில் வண்டி நிற்க இன்னும் சுமார் 50 மீட்டர். ஆக 83. கண்ணுக்குத் தெரிவதோ 50! அதே 40-இல் போனால் மொத்தமே 30 மீட்டருக்குள் நின்றுவிடலாம். வேகம் பாதியானால் பிரேக் தூரம் கால்வாசியாகும். பி.யு.சி. பிஸிக்ஸ்தான், வேறொன்றுமில்லை.

2012-இல் திறந்த யமுனா எக்ஸ்பிரஸ்வேயில், 2017 நவம்பர் 8-ஆம் தேதி காலை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மோதிய காட்சியை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நின்ற வண்டி பின்னால் வருகிறவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. ஆகவே நிறுத்தத்தான் வேண்டுமென்றால் ரோட்டில் நிறுத்தாதீர்கள். மெதுவாகப் போய் ஒரு பெட்ரோல் பங்க்கிலோ தாபாவிலோ நுழையுங்கள்.

ஹைபீம் போட்டால் நன்றாகத் தெரியும் என்பது தப்பு. நீர்த்துளிகள் வெளிச்சத்தைச் சிதறடித்து நம் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். எதிரே வெள்ளைச் சுவர்தான். லோபீம், இருந்தால் ஃபாக் லாம்ப். நாலு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டே ஓட்டுவது தில்லியில் ஒரு வியாதி. அப்புறம் நீங்கள் திரும்புவது யாருக்குத் தெரியும்? முன்னே போகும் லாரியின் சிவப்பு லைட்டை ஒட்டிக்கொண்டு போகாமல், இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். கண்ணாடியின் உட்புறம் படிவது நம் மூச்சின் ஈரம். குளிரிலும் ஏ.சி.யைப் போட்டால் அது போய்விடும்; ஹீட்டரையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொன்று. எதிர் லைட்டைச் சுற்றி வளையம் தெரிந்தால் காடராக்டாக இருக்கலாம். கண் டாக்டரைப் பார்க்கும்வரை, பிள்ளை டாக்ஸியில் வரட்டும். மாமி முணுமுணுப்பாள், பரவாயில்லை.

டயர்க் காற்றைக் குளிர் ஆரம்பித்ததும் பாருங்கள். மே மாதம் 45 டிகிரியில் 33 பவுண்டு பிடித்த டயர், ஜனவரியில் 5 டிகிரிக்கு வரும்போது, துளிக் காற்றும் கசியாமலே, சுமார் 27-க்கு இறங்கிவிடும்.

மழைக்காலத்தைப் பற்றி ஒரே வார்த்தை. மிண்டோ பிரிட்ஜ் அடியில் தேங்கிய தண்ணீரில் 2020 ஜூலையில் ஒரு டெம்போ டிரைவர் இறந்தே போனார். ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்காதீர்கள். வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப்போல அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இறங்கி மேட்டுக்கு வாருங்கள். ஆள் கிடைத்தால் வண்டியைத் தள்ளச் சொல்லி, மெக்கானிக்குக்குப் போன் செய்யுங்கள்.